கட்டணம் வாங்கிக்கொண்டு பனிக்கால யெல்லோஸ்டோனுக்கு அழைத்துச் செல்வதானால்

கேள்வி: நான் டென்வரில் எச்-1பி விசாவில் மென்பொருள் பணியில் இருக்கிறேன். காட்டுயிர்ப் புகைப்படக்கலை என் பொழுதுபோக்கு. குளிர்காலத்தில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சிலமுறை சென்று படம் எடுத்திருக்கிறேன். அந்தப் படங்களைப் பார்த்த நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களுமாக எட்டுப் பேர், வரும் பிப்ரவரியில் நான்கு நாள் பயணமாகத் தங்களை அழைத்துச் செல்லும்படி கேட்கிறார்கள். செலவுக்கு மேல் ஒரு தொகை தரவும் தயாராக இருக்கிறார்கள். இதற்கு அனுமதி ஏதும் தேவையா? எட்டுப் பேர் என்பது சரியான எண்ணிக்கையா? ஓநாயைக் காட்டுவதாக உறுதி சொல்லலாமா? கடுங்குளிரில் அவர்களையும் அவர்களுடைய கேமராக்களையும் எப்படிக் கவனித்துக்கொள்வது? இடையிடையே நானும் படம் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, போகிற போக்கில் கேட்டதுபோல நீங்கள் கடைசியில் வைத்திருக்கும் கேள்வியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். படம் எடுக்க வேண்டாம். பணம் கொடுத்து வந்தவர்கள் உடன் இருக்கும் வரை உங்கள் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். வ்யூஃபைண்டரில் கண்ணைப் பதித்திருப்பவருக்குப் பின்பக்கச் சரிவிலிருந்து இறங்கிவரும் இரண்டாவது பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) தெரியாது. சாலைப் பக்கக் கதவைத் திறந்து இறங்கப்போகும் பயணி தெரியமாட்டார். சற்று முன்புவரை கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஏன் அமைதியாகிவிட்டார் என்பதும் தெரியாது. விலங்கைக் கண்டுபிடிப்பதில் திறமை தேவைதான், ஆனால் அது இந்த வேலையில் பாதிகூட இல்லை. எங்கே வண்டியை நிறுத்துவது, எங்கே நிறுத்தாமல் கடந்துபோவது, எந்த நொடியில் "போதும், கிளம்பலாம்" என்று சொல்வது என்ற முடிவுகளுக்காகத்தான் உங்களுக்குப் பணம் தருகிறார்கள். அந்த முடிவை நீங்களே ஒரு நல்ல படத்துக்காகக் காத்திருக்கும்போது நேர்மையாக எடுக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். பல வழிகாட்டிகள் இதை ஏற்கமாட்டார்கள். அவர்களில் சிலருடைய படங்கள் மிக நன்றாகவும் இருக்கின்றன.

கோடையைவிடக் குளிர்காலத்தில் இந்த முடிவுகளுக்கு எடை கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. பனிக்காலத்தில் பைசன் உண்ணும் காய்ந்த புல்லிலிருந்து அதற்குக் கிடைக்கும் சத்து, அது செலவழிக்கும் சத்துக்கு ஈடாவதில்லை. கோடையில் உடலில் சேர்த்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவிட்டுத்தான் அது வசந்தத்தை எட்டிப்பிடிக்கிறது. மேயும் ஒரு பைசனைச் சட்டப்படியான தூரத்தில் நின்று சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். திமிலுக்குள் இருக்கும் தசைகளின் பலத்தில் அந்தப் பெரிய தலையை இடமும் வலமுமாக வீசிப் பனியை ஒதுக்குகிறது. முகமெல்லாம் பனி அப்பிக்கொள்ள, கண்ணிமைகளில் உறைபனி கட்டிக்கொள்ள, தோண்டிய குழியின் அடியில் இருக்கும் பழுப்பு நிறப் புல்லைக் கடித்து, மறுபடியும் தலையை வீசுகிறது. நாம் இன்னும் பத்தடி நெருங்கியதால் அது அந்தக் குழியை விட்டு விலகிப் போனால், இடுப்பளவுப் பனியைக் கிழித்துக்கொண்டு நடந்து, வேறோரிடத்தில் புதிதாகத் தோண்ட வேண்டும். அந்தச் செலவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாளெல்லாம் சாலையோரத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு குழுவும் ஒருமுறை அதை நகர்த்தினால், மார்ச் மாதக் கடைசியில் அதன் உடலில் மிச்சமிருக்கும் கொழுப்பு அந்தக் கணக்கைச் சொல்லும்.

பைசன், எல்க் மான் உட்பட மற்ற விலங்குகளிடமிருந்து குறைந்தது 25 கஜமும் (சுமார் 23 மீட்டர்), ஓநாய், கரடி போன்றவற்றிடமிருந்து 100 கஜமும் (சுமார் 91 மீட்டர்) விலகியிருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. உங்கள் குழுவினர் இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே விதியின் இன்னொரு பகுதியைத்தான் அவர்களுக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கும்: எவ்வளவு தொலைவில் நின்றாலும் சரி, உங்கள் இருப்பால் விலங்கு கலைந்தால் அல்லது இடம்பெயர்ந்தால் நீங்கள் விதியை மீறியவரே. ஆகவே மீட்டர் கணக்கைவிட விலங்கின் உடல்மொழிதான் உங்கள் அளவுகோலாக இருக்க வேண்டும். மேய்ந்துகொண்டிருந்த பைசன் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் குழுவை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். வாலைத் தூக்கினால் ஒரு சொல்லும் பேசாமல் பின்வாங்குங்கள். ஏறத்தாழ 900 கிலோ எடை வரை வளரும் காளை, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. யெல்லோஸ்டோனில் வேறெந்த விலங்கையும்விட அதிகமான மனிதர்களைக் காயப்படுத்தியிருப்பது பைசன்தான். செந்நரியின் விஷயம் வேறு. அது பயந்து ஓடாது, உங்களைப் பொருட்படுத்தாததுபோலவே நடந்துகொள்ளும். ஆனால் பனிக்கடியில் ஓடும் எலியின் அசைவைக் காதால் கேட்டுத்தான் அது பாய்கிறது. காதுகளை முன்னே குவித்துத் தலையைச் சாய்த்து அது கேட்டுக்கொண்டிருக்கும்போது, உங்கள் ஆட்களில் ஒருவர் நல்ல கோணம் தேடி உறைந்த பனியில் நறநறவென்று நான்கு அடி எடுத்து வைத்தால், அந்த வேட்டை கெட்டுப்போகும். கூடவே நீங்கள் அனைவரும் காத்திருந்த அந்தப் பாய்ச்சல் படமும் போய்விடும். வண்டியைவிட்டு இறங்கும்போது கதவை அறைந்து சாத்தாமல் மெல்ல அழுத்தி மூடுவதை முதல் நாள் காலையிலேயே பயிற்சியாகச் செய்யவையுங்கள். ஓநாயை வரவழைக்க ஊளையிட்டுக் காட்டுவதும், இரவில் விளக்கடித்துத் தேடுவதும், ஆய்வாளர்கள் ஓநாய்களுக்கு மாட்டியிருக்கும் கழுத்துப்பட்டையின் ரேடியோ சமிக்ஞையைத் துரத்துவதும், ட்ரோன் பறக்கவிடுவதும் பூங்காவில் தடைசெய்யப்பட்டவை. இவற்றை வேடிக்கையாகக் கேட்கும் பயணி ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார்.

அடுத்து அனுமதி. இங்கே நீங்கள் சற்று நிதானிக்க வேண்டும். செலவைச் சரிசமமாகப் பங்கிட்டுக்கொண்டு நண்பர்கள் ஒன்றாகச் செல்வது ஒன்று. செலவுக்கு மேல் ஒரு தொகை வாங்கிக்கொண்டு அழைத்துச் செல்வது மற்றொன்று. இரண்டாவது வணிகம். அதற்கு அமெரிக்க தேசியப் பூங்காச் சேவை வழங்கும் வணிகப் பயன்பாட்டு அனுமதி வேண்டும், சுருக்கமாக சி.யூ.ஏ. என்பார்கள். பொறுப்புக் காப்பீடு, முதலுதவிச் சான்று உள்ளிட்டவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். பிப்ரவரிப் பயணத்துக்கு ஜனவரியில் விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2025 தொடக்கத்தில் வந்த சட்டம் பூங்காக்களில் சிறு குழுக்கள் படம்பிடிப்பதற்கான அனுமதி விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. "இனி புகைப்படக்காரர்களுக்கு அனுமதியே வேண்டாம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் அதைத்தான் குறிப்பிடுகிறார். அது படம் எடுப்பதைப் பற்றியது. கட்டணம் வாங்கி வழிகாட்டுவதையும் பயிற்சி தருவதையும் பற்றியதல்ல.

உங்கள் விஷயத்தில் அதற்கும் முன்னால் வேறொரு தடை நிற்கிறது. எச்-1பி விசா, உங்களுக்காக விண்ணப்பித்த நிறுவனத்திடம் வேலை செய்வதற்கான உரிமை மட்டுமே. வார இறுதியில் செய்தாலும், பணத்தை ரொக்கமாக வாங்கினாலும், "அன்பளிப்பு" என்று பெயர் மாற்றினாலும், வழிகாட்டியாகச் சம்பாதிப்பது அந்த உரிமைக்குள் வராது. நண்பர்களின் நான்கு நாள் பயணத்துக்காக உங்கள் குடியேற்ற நிலையைப் பணயம் வைக்காதீர்கள். ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள். அதுவரை ஒரு காசும் கூடுதலாக வாங்காமல், உண்மையான செலவை மட்டும் பங்கிட்டு, நண்பராகவே போய்வாருங்கள். இல்லையென்றால் அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவரைக் குழுவாக அமர்த்திக்கொண்டு நீங்களும் பயணியாக உடன் செல்லுங்கள். அப்படிப் போனால் படமும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி வருபவை, நண்பராகப் போனாலும் பின்னர் ஒருநாள் தொழிலாகச் செய்தாலும் பொருந்துபவை. எட்டுப் பேர் அதிகம். எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டியது வண்டியின் இருக்கைகளல்ல, ஜன்னல்களும் சாலையோர நிறுத்தங்களும்தான். குளிர்காலத்தில் பூங்காவின் பெரும்பாலான சாலைகள் சாதாரண வண்டிகளுக்கு மூடப்பட்டுவிடும். வடக்கு நுழைவாயிலான கார்டினரிலிருந்து மாமத், டவர், லமார் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்கு நுழைவாயிலைக் கடந்து குக் சிட்டி செல்லும் 50 மைலுக்குச் சற்று அதிகமான சாலை ஒன்றுதான் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. குக் சிட்டிக்கு அப்பால் குளிர்காலத்தில் சாலை பனியில் மூடிக்கிடக்கும். போன வழியேதான் திரும்ப வேண்டும். அந்தச் சாலையில் பனி அகற்றப்பட்ட ஒதுக்கிடங்கள் குறைவு. வண்டியின் நான்கு சக்கரங்களும் அதற்குள் நிற்க வேண்டும். பனிமதிலை ஒட்டிச் சாலையிலேயே நிறுத்திவிட்டு இறங்குவது அபராதத்துக்கும் விபத்துக்கும் வழி. இரண்டு வண்டிகளில் போனால் இரண்டாவது வண்டிக்கு இடம் கிடைக்காது, அதிலிருப்பவர்கள் நாள் முழுதும் மனக்குறையோடு இருப்பார்கள். ஒரே வண்டி, உங்களையும் சேர்த்து ஆறு பேர் என்பது என் பரிந்துரை. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜன்னல், பைகளுக்குத் தனி இடம் என்று கணக்கிட்டால் பெரிய வேனில்கூட இதற்குமேல் சுகமாக இருக்காது. கார்டினரிலேயே எரிபொருளை முழுமையாக நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் இருக்கும் கழிப்பறைகள் எவை, எத்தனை மைல் இடைவெளியில் என்று எழுதி வைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே நிறுத்துங்கள். கூச்சத்தால் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுபவர்கள்தான் அந்த உயரத்திலும் வறண்ட குளிரிலும் முதலில் தலைவலியோடு சுருண்டுகொள்வார்கள். லமாரின் பெரும்பகுதியில் கைப்பேசித் தொடர்பு கிடைக்காது என்பதால் மாலை எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஓல்டு ஃபெய்த்ஃபுல், மேடிசன், ஹேடன் பள்ளத்தாக்கு போன்ற உட்பகுதிகளுக்கு ஏறத்தாழ டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை ஸ்னோகோச் (பனியில் ஓடும் வேன்) அல்லது ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் சிறு வண்டி) மட்டுமே போக முடியும். அவற்றை இயக்கப் பூங்காவின் ஒப்பந்தம் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. நான்கு நாளில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கி, முடிந்தால் புகைப்படக்காரர்களுக்கென்றே முழு வண்டியாகப் பேசிக்கொள்ளுங்கள். பொதுச் சுற்றுலா வண்டியில் ஏறினால், மேடிசன் ஆற்றங்கரையில் ட்ரம்பெட்டர் அன்னங்கள் நல்ல ஒளியில் நீந்திக்கொண்டிருக்கும்போதும் ஓட்டுநருக்கு மதிய உணவு நேரம் நினைவுக்கு வந்துவிடும். வெந்நீர் ஊற்றுகளின் அருகே பனி குறைவாக இருப்பதால் பைசன்களும் எல்க் மான்களும் அங்கே கூடுகின்றன. நீராவி ரோமத்தில் படிந்து உறைந்து வெள்ளை உருவங்களாக நிற்கும் அவற்றைப் பார்க்கும் எவரும் மரப்பாதையை விட்டு இறங்கத் துடிப்பார்கள். கொதிநீரின் மேல் படிந்திருக்கும் மெல்லிய தரை அங்கே ஆளைத் தாங்காது. பார்ப்பதற்கு வெதுவெதுப்பான புகலிடமாகத் தோன்றும் அந்த இடம் விலங்குகளுக்கும் முழு நன்மையல்ல: அப்பகுதி எல்க் மான்கள் தின்னும் செடிகளிலும் நீரிலும் உள்ள சிலிக்காவும் ஃப்ளூரைடும் அவற்றின் பற்களைச் சீக்கிரமே தேய்த்துவிடுகின்றன.

ஓநாயைப் பற்றி எந்த உறுதியும் தராதீர்கள். 1995, 1996 ஆகிய இரு ஆண்டுகளில் கனடாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஓநாய்களின் வழித்தோன்றல்கள் இப்போது பூங்காவுக்குள் சுமார் நூறு இருக்கின்றன. பூங்காவின் பரப்பளவோ கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். பிப்ரவரி நல்ல மாதம்தான். அது அவற்றின் இணைசேரும் காலம், ஊளையும் நடமாட்டமும் கூடுதல், வெண்பனியில் கரிய உருவங்கள் எளிதாகக் கண்ணில் படும். பார்ப்பதற்கான வாய்ப்பு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ஆனால் பார்ப்பதும் படமெடுப்பதும் வேறுவேறு. பெரும்பாலும் அவை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், எதிர்ச்சரிவில் நகரும் புள்ளிகளாகத்தான் தெரியும், 600 மி.மீ. லென்ஸில்கூட அது படமாகாது. ஆகவே முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் நல்லதாக ஒன்றை வாடகைக்காவது எடுத்துச் செல்லுங்கள். முதல் முறையாக ஓநாய்க் கூட்டத்தை அதன் வழியே பார்ப்பவர் கேமராவைப் பற்றி அரை மணி நேரம் பேசமாட்டார். பயணக் குறிப்பில் ஓநாய்ப் படத்தை அட்டையாகப் போடாதீர்கள். பைசன், கொயோட்டி, நரி, பிக்ஹார்ன் ஆடு, ஆற்றோரம் நீர்நாய், வெண்தலைக் கழுகு என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்கதைப் போடுங்கள். ஓநாயே வேண்டும் என்று பிடிவாதமாக வரும் ஒருவர், ஐந்து பேருடைய நல்ல ஒளியையும் வீணடித்து, எதுவும் இல்லாத ஒரு மேட்டில் உங்களைக் காத்திருக்க வைப்பார்.

குளிரைப் பொறுத்தவரை, மேற்கு நுழைவாயிலுக்கு அருகே 1933 பிப்ரவரியில் பதிவான மைனஸ் 54 டிகிரி செல்சியஸை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் அதிகாலையில் மைனஸ் 30 வரை இறங்குவதற்குத் தயாராக இருங்கள். தோலை ஒட்டிய அடுக்கில் பருத்தி வேண்டாம், கம்பளி அல்லது செயற்கை இழை. கைக்கு மெல்லிய உள்ளுறையும் அதன்மேல் தடித்த வெளியுறையுமாக இரண்டு. காலணி ஓரளவு தளர்வாக இருக்கட்டும், இறுக்கினால் இரத்தவோட்டம் குறைந்து விரல்கள் முதலில் விறைக்கும். இவற்றைக் கிளம்புவதற்கு முன்தினம் விடுதியில் நீங்களே ஒவ்வொருவரிடமும் பார்த்துவிடுங்கள். "இருக்கிறது, இருக்கிறது" என்ற பதிலை நம்ப வேண்டாம். மூக்கு நுனி, கன்னம், காதுமடல் ஆகியவற்றில் வெளுத்து மெழுகுபோல ஒரு திட்டு தெரிந்தால் அது உறைகாயத்தின் தொடக்கம். பாதிக்கப்பட்டவருக்கு அங்கே உணர்வு மரத்துப்போயிருப்பதால் அவர் உங்களிடம் சொல்லமாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும். தேய்க்காமல், பனியை அழுத்தாமல், வெறும் உள்ளங்கையால் மூடிச் சூடேற்றி வண்டிக்குள் அழைத்துச் செல்லுங்கள். பேச்சு குழறுவது, கால் தடுக்குவது, லென்ஸ் மூடியைக்கூடப் போட முடியாமல் தடுமாறுவது ஆகியவை உடல் வெப்பம் இறங்குவதன் அறிகுறிகள்; அந்த நேரத்தில் எதிரே எந்த விலங்கு நின்றாலும் பயணம் அத்துடன் நிற்க வேண்டும்.

கேமரா விஷயங்களில் பெரும்பாலானவற்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பனியைச் சாம்பல் நிறமாக்கிவிடும் கேமராவின் ஒளி மீட்டரை ஏமாற்ற, ஒளியளவை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டி, படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கருத்த பைசன் சட்டகத்தை நிறைத்தால் அந்தக் கணக்கு மாறும். உதிரி பேட்டரிகள் மார்புப் பையில் இருக்கட்டும்; குளிரில் "தீர்ந்துபோன" பேட்டரி, உடல் சூட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் மீண்டும் உழைக்கும். வண்டியின் ஹீட்டரைக் குறைத்தே வையுங்கள். ஜன்னலைத் திறந்து படமெடுக்கும்போது உள்ளிருந்து வெளியேறும் சூடான காற்று லென்ஸின் முன் அலையாடி, மிக விலையுயர்ந்த லென்ஸிலும் கூர்மையைக் கெடுத்துவிடும். பலர் அதைத் தங்கள் ஃபோகஸின் தவறு என்று நினைத்து மாலையெல்லாம் வருந்துவார்கள். படமெடுக்கும்போது என்ஜினும் அணைந்திருக்க வேண்டும். விடுதிக்குள் நுழைவதற்கு முன், வெளியிலேயே கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை முழுவதுமாக மூடிவிட வேண்டும். சூடான அறையின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் நீராகப் படியாமல் இருக்க, பை சில மணி நேரம் திறக்கப்படாமல் இருப்பது நல்லது. ஆனால் அன்றைய படங்களைப் பார்க்கும் ஆவலில் யாராவது அரை மணியில் திறந்துவிடுவார். அதற்கு ஒரே வழி, பையை மூடும் முன்பே மெமரி கார்டை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்வதுதான். அதைத் தினமும் மாலையில் நீங்களே வாய்விட்டு நினைவூட்டுங்கள்.

பணம் பற்றி ஒரு விஷயத்தைப் பயணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், செலவைப் பங்கிடும் நண்பர்கள் பயணமானாலும்கூட. புயல் வந்தால் லமார் சாலை சில மணி நேரமோ ஒரு நாளோ மூடப்படலாம்; போஸ்மன் விமான நிலையத்தில் விமானம் இறங்க முடியாமல் போகலாம்; ஸ்னோகோச் ரத்தாகலாம். எந்தச் செலவு திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது, சாலை மூடிய நாளுக்கு ஈடாக இன்னொரு நாள் தங்க முடியாதவர்களின் பங்கு என்னாகும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அனைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதே பக்கத்தில், பாதுகாப்புக்காகவோ விலங்கின் நலனுக்காகவோ எந்த நேரத்திலும் படப்பிடிப்பை நிறுத்தும் அதிகாரம் உங்களுடையது என்றும், அதற்காக எந்தத் தொகையும் திருப்பித் தரப்படாது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.